தலையில் தூக்கி வைத்த காதலரைத் தரையில் நிற்க விடுவது எப்படி?

ஒருவரைப் பிடித்துப்போன முதல் சில மாதங்களில் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம், நாமாக நிரப்பிக்கொண்டது நிறைய. அவன் அதிகம் பேசவில்லை என்றால் ஆழமானவன் என்று எடுத்துக்கொள்கிறோம், அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தால் இவளுக்குக் கோபமே வராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் ஒருவரை இப்படி இரண்டு வருடம் மனதுக்குள் சுமந்தேன். "நீ பேசுறது என்னைப் பத்தி இல்லை" என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய வெகுநாள் ஆனது.

துணையை உயர்வாக நினைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சான்ட்ரா முர்ரே என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் காதலிக்கும் ஜோடிகளை ஒரு வருடம் கவனித்து 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணை தன்னைப் பற்றி நினைப்பதைவிட ஒருபடி மேலாக அவரை நினைத்தவர்களின் உறவுதான் அதிகம் நிலைத்திருந்தது. சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி இருவரும் புதுமணத் தம்பதிகளிடம் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. கல்யாணமான புதிதில் எல்லோரும்தான் துணையைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கணவனுக்கு எது வரும், எது வராது என்று மனைவி சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டே அன்பாக இருந்த வீடுகளில் விவாகரத்து குறைவாக இருந்தது. ஆளை மொத்தமாக நேசிக்கலாம், விவரங்களில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதற்கான வழிகள்தான்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் அவரிடம் கண்ணால் பார்த்தது, மறுபக்கம் நீங்களாக நினைத்துக்கொண்டது. "பொறுமைசாலி" என்று எழுதினால் எந்த நாள், எந்தச் சம்பவம் என்று கூடவே எழுத வேண்டும், எழுத வரவில்லையா, மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டாவது பக்கம் நீண்டுகொண்டே போனால் பயப்படத் தேவையில்லை, இனிமேல் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. போனிலும் மெசேஜிலும் மட்டுமே வளர்ந்த காதலில் இந்தப் பக்கம் இன்னும் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் யோசித்து, அழித்து, திருத்தி அனுப்பிய வார்த்தைகளை வைத்தே ஆளைக் கட்டியிருக்கிறோம். களைத்துப்போயிருக்கும்போது, தோற்றுப்போன நாளில், நீங்கள் "முடியாது" என்று சொன்ன அடுத்த நிமிடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். தனக்கு எந்த லாபமும் தராத மனிதர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும்.

ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தூக்கி வைக்கும் விதம் ஒன்றாக இருப்பதில்லை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெண்ணைத் தேவதை என்று கொண்டாடும் ஆண் அவளிடம் தூய்மை, பொறுமை, மன்னிப்பு எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறான், கேட்டால் மரியாதை என்பான். அந்தத் தேவதை ஒருநாள் எரிந்து விழுந்தால், தன் வேலைதான் முக்கியம் என்று சொன்னால், அவளுக்கு முன்பே ஒரு காதல் இருந்தது தெரிந்தால், அதே வாய் வசைபாட ஆரம்பிக்கிறது. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் பெண்களைப் புகழ்ந்து காப்பாற்றும் மனோபாவத்தையும் பெண்கள் மீதான பகையையும் தனித்தனியாக அளந்தார்கள். 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வில், ஒன்று அதிகமாக இருந்த நாடுகளில் மற்றதும் அதிகமாகவே இருந்தது. கும்பிடும் கையை நம்பி ஒரு பெண் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெண்கள் தூக்கி வைக்கும்போது பெரும்பாலும் இரண்டு படங்கள். எதற்கும் அசையாத, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆண் என்பது ஒன்று. வேலை போன செய்தியை அவன் வீட்டில் சொல்லாமல் வாரக்கணக்கில் மறைப்பது இந்தப் படத்துக்குப் பயந்துதான். இன்னொன்று, "என் அன்பு அவனை மாற்றிவிடும்" என்பது. இங்கே அவள் காதலிப்பது இன்னும் பிறக்காத ஒருவனை, எதிரில் இருப்பவன் தினமும் அந்தப் பிறக்காதவனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அவன் இப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தாலும் அவனோடு வாழ எனக்குச் சம்மதமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலை மதியுங்கள்.

அப்புறம் உங்கள் பேச்சை மாற்றிப்பாருங்கள். "உனக்கு எது பிடிக்குமோ அதுவே எனக்கும்" என்று சொல்லிப் பழகியிருந்தால், இந்த வாரம் சின்னதாக ஒரு விஷயத்தில் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். அவரை மேலே வைத்தவர் தன்னைக் கீழே வைத்திருப்பார், சொல்லாமல் விழுங்கிய ஆசைகளின் ஏக்கம் சேர்ந்து சேர்ந்து பிறகு வெடிக்கும். பாராட்டும்போதும் "உன்னைப் போல் யாருமே இல்லை" என்பதைவிட "நேற்று நான் புலம்பியதை நடுவில் வெட்டாமல் கேட்டாய்" என்பது மேல். முதல் வாக்கியம் அவருக்குப் பாரம், இரண்டாவதில் தன்னை ஒருவர் நிஜமாகவே பார்த்திருக்கிறார் என்ற நிம்மதி இருக்கிறது.

ஏமாற்றம் வந்தே தீரும். வந்தவுடன் சண்டைக்குப் போகாமல், இந்த வாக்கை அவர் கொடுத்தாரா, நானே அவர் பெயரில் எனக்குக் கொடுத்துக்கொண்டேனா என்று கேளுங்கள். அவர் கொடுத்ததென்றால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அடிப்பது, மிரட்டுவது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, நண்பர்களிடமிருந்து பிரிப்பது இவையெல்லாம் "யாருக்கும் குறை உண்டு" என்று பொறுத்துக்கொள்ளும் குறைகளே கிடையாது. "அடிப்படையில் ரொம்ப நல்லவர்" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை நடந்தபடி, விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லுங்கள். அவர் முகம் மாறுவது உங்களுக்கே தெரியும்.

தூக்கி வைக்கப்பட்டிருப்பது நீங்களாக இருந்தால்? ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருக்கும். அளவுக்கு மீறி உயர்த்தப்படுவதாக உணர்பவர்களுக்கு உறவில் திருப்தி குறைகிறது என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது, அனுபவித்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சின்னச் சின்ன உண்மைகளாக இறங்கி வாருங்கள். "எனக்கு இது தெரியாது", "அன்றைக்கு நான் பொறாமைப்பட்டேன்", "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதல் தடவை அதிர்ச்சியாவது இயல்பு. கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் அதைப் பற்றி அவராகவே விசாரித்தால் தைரியமாக இன்னொன்றைச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் "நீ இப்படிப்பட்ட ஆளே இல்லை" என்று மறுத்தால், "நான் இப்படியும்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள்.