பழைய காருக்கு மின்விசிறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் சூடேறுகிறது என்றதும், காரணத்தைத் தேடாமல் ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறியை வாங்கிவிடுவதே முதல் தவறு. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது; நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போதும்தான் விசிறி உண்மையில் தேவைப்படுகிறது. ஆகவே நெடுஞ்சாலையில் வெப்பநிலை முள் ஏறினால், அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (நீர் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், பிசகிய இக்னிஷன் டைமிங் போன்றவற்றையே முதலில் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது தவறு பெரியது. விசிறியை எங்கே பொருத்துவது என்று பலரும் யோசிக்கிறார்கள். அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பதில்லை. 12 வோல்ட் விசிறி ஒன்று அளவைப் பொறுத்து 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகமாக. பல பிரிட்டிஷ் கார்களில் மின்சாரம் தயாரித்த பழைய வகை ஜெனரேட்டரான லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவே 22 ஆம்பியர்தான். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டுமே. ஐடிலிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, டைனமோ ஏறக்குறைய எதுவும் தருவதில்லை. விசிறிக்கு மிகுந்த வேலை இருப்பதோ அந்த ஐடிலிங்கில்தான். இரவில் முகப்பு விளக்குகளும் எரிந்தால் முழுச் சுமையும் பேட்டரியின் மேல் விழும். டைனமோ உள்ள காரில் முதலில், குறைந்த வேகத்திலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்திவிட்டு விசிறிக்கு வருவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

விசிறிக்கான மின்சாரத்தை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ பழைய ஒயர்கள் வழியாகவோ கொண்டுசெல்வது தீயை வரவழைப்பதற்குச் சமம். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ், தேவையான தடிமனுள்ள புதிய ஒயர், துருவற்ற எர்த் இணைப்பு ஆகிய நான்கும் கட்டாயம். 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டு, அமைந்தவை. அதைக் கவனிக்காமல் இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று எதிர்க்காற்றோடு மோதும், நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்ட மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியோ கருகிவிடும்.

இடம் இருந்தால் விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் வைப்பதே மேல். முன்னால் வைத்தால் எதிர்க்காற்றை அதுவே மறைக்கும். ஷ்ரவுட் (ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை விசிறிக்குத் திருப்பும் மூடி) இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேரான பகுதி வழியாக மட்டுமே காற்றை நன்றாக இழுக்கும். பிளாஸ்டிக் டைகளை ரேடியேட்டரின் ஊடே செருகிக் கட்டுவது சுலபம்தான். ஆனால் அதிர்வில் அவை நாளடைவில் குழாய்களை உரசி ஓட்டையாக்கும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பிராக்கெட் அமைத்துப் பொருத்துங்கள்.

வெப்ப சுவிட்சைத் தெர்மோஸ்டாட்டுடன் பொருந்தும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கும் என்றால், ரேடியேட்டருக்குள் நீர் நுழையும் பக்கத்தில் உள்ள சுவிட்ச் ஏறத்தாழ 92 டிகிரியில் விசிறியை இயக்கலாம். 80 டிகிரியில் இயங்கும் சுவிட்சை அங்கே வைத்தால் விசிறி ஓயாமல் சுழலும். நீர் வெளியேறும் பக்கத்தில் வைப்பதானால், அங்கே நீர் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் என்பதால், குறைந்த அளவுள்ள சுவிட்ச் வேண்டும்.

எஞ்சினின் புல்லியோடு சேர்ந்து சுழலும் பழைய விசிறியைக் கழற்றிய பின், அதைப் பிடித்திருந்த அதே நீளமான போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினால் புல்லி இறுகாமல் போகலாம் என்பதால், சரியான நீளத்தில் வேறு போல்ட்டுகள் தேவைப்படும். விசிறி நேரடியாகப் பேட்டரியில் இணைக்கப்பட்டிருந்தால், எஞ்சினை நிறுத்திய பிறகும் அது திடீரெனச் சுழலக்கூடும். பானெட்டுக்குள் கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.