மோரிஸ் மைனர் டிராவலர்: இற்றுப்போன மரச்சட்டத்தை வீட்டிலேயே மாற்றுவது

மோரிஸ் மைனர் டிராவலரின் பின்பாதியைத் தாங்கி நிற்பது மரம்தான். 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான இந்தக் காரில், முன்கதவுக்குப் பின்னால் தெரியும் ஆஷ் மரச்சட்டம் அழகுக்காக ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். மினி காரின் மரப்பட்டைகள் அப்படித்தான். கழற்றி எறிந்தாலும் மினி ஓடும். டிராவலரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் கூரைக்கும், பக்கத் தகடுகளுக்கும், பின்கதவுகளுக்கும் பிடிப்பே இல்லை. ஆகவே இற்றுப்போன மரத்தில் பட்டி பூசி வார்னிஷ் அடிப்பது, துருவேறிய சேஸிஸை பெயின்டால் மறைப்பதற்குச் சமம்.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் உரிமையாளர் தலையில் அப்படியே இருக்கிறது. வேறு யாரும் குத்திப் பார்க்கப் போவதில்லை என்பதால் நீங்களே குத்திப் பார்க்க வேண்டும்.

எங்கே குத்திப் பார்ப்பது

ஆஷ் வளையும், அதிர்ச்சி தாங்கும், திருகைக் கெட்டியாகப் பிடிக்கும். ஈரத்தை மட்டும் அதற்குத் தாங்கத் தெரியாது. எனவே தண்ணீர் எங்கே தேங்கும் என்று யோசித்தால் எந்த இடம் இற்றிருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

முதல் சந்தேகம் பக்கவாட்டு நழுவு கண்ணாடிகளுக்கு அடியில் ஓடும் இடைச்சட்டத்தின் மேல். கண்ணாடி நகரும் பள்ளத்தில் மழைநீர் விழும்; அது வடிவதற்கான துளைகள் தூசியாலும் பாசியாலும் அடைபட்டுப்போகும். பள்ளத்தில் பச்சையாக எதாவது முளைத்திருந்தால் கீழே உள்ள மரம் வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறியிருக்கிறது என்று பொருள். அடுத்தது அடிச்சட்டமும் பின்சக்கர வளைவின் இரு முனைகளும்: சக்கரம் வாரி இறைக்கும் சேறு அங்கேதான் ஒட்டும். பிறகு பின்கதவுகளின் கீழ்க்கட்டை, பின்மூலைத் தூண்களின் அடி. கடைசியாக, தூணும் சட்டமும் சேரும் ஒவ்வொரு பொருத்தும். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பக்கவாட்டில் மிகக் குறைவு, வெட்டுமுனையில் மிக அதிகம். பொருத்துகள் எல்லாமே வெட்டுமுனைகள்.

குத்தூசியையோ கூரான சின்னத் திருப்புளியையோ எடுத்து அழுத்துங்கள். நல்ல ஆஷில் முனை 1 மில்லிமீட்டர்கூட இறங்காது. இழுத்தால் நார் நீளமான சிராயாக எழும். இற்ற மரத்தில் சத்தமே இல்லாமல் உள்ளே போகும், கிளறினால் பிஸ்கட் மாதிரி குறுக்காகப் பொடியும். வெளியில் வார்னிஷ் பளபளத்தாலும் நம்ப வேண்டாம். உட்பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் குத்துங்கள்.

கறுப்பு நிறம் கண்டதும் பயந்துவிடவும் வேண்டாம். இரும்புத் திருகைச் சுற்றி ஈரம் பட்டால் ஆஷ் கறுத்துவிடும். குத்தும்போது கெட்டியாக இருந்தால் அது வெறும் கறை.

ஒட்டுப்போடுவதா, முழுச்சட்டத்தையும் மாற்றுவதா

ஒரே ஒரு கதவின் கீழ்க்கட்டை போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். நீளமான சட்டத்தின் நடுவில் சேதமென்றால் சாய்வெட்டுப் பொருத்துப் போடலாம்; சாய்வின் நீளம் மரத்தின் கனத்தைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் கனத்துக்கு 360 மில்லிமீட்டர். ஆனால் இருக்கை பெல்ட்டோ, சஸ்பென்ஷனோ, கதவுக் கீலோ பக்கத்தில் இருந்தால் ஒட்டு வேண்டாம், முழுத் துண்டையும் மாற்றுங்கள்.

ஒரு பக்கத்தில் மூன்று இடத்துக்கு மேல் இற்றிருந்தால் அந்தப் பக்கச் சட்டத்தை முழுதாக மாற்றுவதே மலிவு. அச்சாகச் செதுக்கி, பொருத்துகள் ஒட்டி, பக்கச்சட்டமாகவே கோத்து விற்கிறார்கள். சக்கர வளைவின் வளைந்த துண்டை வீட்டில் செதுக்கப் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பலகைகளை வீணாக்கிய பிறகே அதன் விலையில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்வார்கள். நேர்ச் சட்டங்களை நீங்களே செய்வதாக இருந்தால் நார் நேராக ஓடும், கணு இல்லாத, சுமார் 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய ஆஷ் வாங்குங்கள். நார் குறுக்கே ஓடும் பலகை திருகிடும்போதே பிளக்கும்.

கழற்றும் முன் முட்டு

மரத்தைக் கழற்றியதும் இரும்புக்கூடு ஆடத் தொடங்கும். கதவு வாசல்களின் குறுக்கே 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களைப் போல்ட் போட்டோ வெல்டிங் வைத்தோ பொருத்துங்கள். முன்கூரையின் பின்விளிம்புக்கும் ஒரு முட்டு வேண்டும். வண்டியை ஆக்ஸில் ஸ்டாண்டில் ஏற்றும்போது எடை பின் ஆக்ஸிலின் மேல் இறங்குமாறு வையுங்கள்; நடுத்தரையைத் தாங்கினால் பின்பக்கம் தொங்கிவிடும், புதுச்சட்டமும் அந்தத் தொங்கலிலேயே ஒட்டிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து இருபுறமும் ஒரே உயரமா என்று பாருங்கள்.

அளவுகளை இப்போதே எடுத்துவிடுங்கள்: பின்வாசலின் இரண்டு மூலைவிட்டங்கள், முன்கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், கூரையிலிருந்து தரைக்கு நான்கு மூலையிலும். பழைய சட்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வேலை முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். எந்தத் துளை எங்கே என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை கிடையாது.

கழற்றும் வரிசை: பம்பர், விளக்குகள், பின்கதவுகள், கண்ணாடிகளும் அவற்றின் பள்ளங்களும், பக்கத் தகடுகள், கூரை, கடைசியில் சட்டம். பின்கூரையும் பக்கத் தகடுகளும் அலுமினியம். நெம்பினால் மடங்கும், மடங்கியதைத் தட்டி நேராக்கினால் அந்த இடம் விறைத்து வெடிக்கும். துருப்பிடித்த திருகு திரும்பாவிட்டால் தலையை ட்ரில் போட்டு எடுத்துவிட்டுத் தகட்டைத் தூக்குங்கள். கூரையைத் தூக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கச் சட்டத்தை முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள்; நிற்கிற பக்கம் உங்களுக்கு அளவுகோல்.

இரும்பு வேலை முதலில்

மரத்தை எடுத்ததும் தெரிவது பெரும்பாலும் கெட்ட செய்தியாகவே இருக்கும்: சக்கர வளைவின் விளிம்பு, தரையின் ஓரம், கதவுக்கடியில் ஓடும் ‘சில்’ தகட்டின் உட்புறம், ஸ்பிரிங் மாட்டும் இடம். இதையெல்லாம் புது மரம் ஏறும் முன்பே முடிக்க வேண்டும். மரத்தின் அருகே வெல்டிங் வைத்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் புகைந்து, இரவில் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டாங்க் பின்தரைக்கு அடியில்தான் இருக்கிறது, அதைக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகே வெல்டிங் டார்ச்சைத் தொடுங்கள். வெல்டிங் முடிந்ததும் மரம் உட்காரப்போகும் இடங்களுக்கு துருத்தடுப்புப் பிரைமர், இரண்டு கோட்டு பெயின்ட். இனி அங்கே பிரஷ் நுழையாது.

ஒட்டாமல் ஒருமுறை

புதுச்சட்டத்தைப் பசையில்லாமல் முழுக்க மாட்டிப் பாருங்கள். கிளாம்ப் போதும். பின்கதவுகளையும் தொங்கவிட்டு, கூரையையும் மேலே வைத்துப் பாருங்கள். முன்கதவுக்கு அடுத்த தூணை முதலில் நிறுத்தி, கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள். பின்வாசலின் மூலைவிட்டங்கள் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் கதவுகள் நடுவில் ஒன்றோடொன்று உரசும். கதவைச் செதுக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், சட்டத்தைத் திருத்துங்கள். செதுக்கிய கதவு மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், இரண்டு காலத்திலும் சரியாக மூடாது.

இரும்பு அளவுக்கு மரத்தை வளைத்து முறுக்குவதும் தவறு. இடைவெளி இருந்தால் மெல்லிய தகடு வையுங்கள். முறுக்கி உட்கார்த்திய பொருத்து ஆறுமாதத்தில் வாய்திறக்கும், அந்த வாயில் தண்ணீர் புகும்.

பசையும் திருகும்

சாதாரண வெள்ளைப் பசை கூடாது. தொடர்ந்த இழுப்பில் மெல்ல நழுவும், ஈரத்தில் இளகும். எப்பாக்ஸி அல்லது ரெசார்சினால் பசை எடுங்கள். ரெசார்சினாலுக்குப் பொருத்து இறுக்கமாக இருக்க வேண்டும், கறுஞ்சிவப்புக் கோடும் விழும். எப்பாக்ஸி சிறு இடைவெளியையும் நிரப்பும். அதைக் கலந்ததும் முதலில் வெட்டுமுனையில் மெலிதாகப் பூசிச் சில நிமிடம் உறிஞ்சவிட்டு, பிறகு இன்னொரு முறை பூசிச் சேருங்கள். இல்லாவிட்டால் முனை பசையைக் குடித்துவிட்டு, பொருத்து காய்ந்து நிற்கும். கிளாம்பை மூச்சுமுட்ட முறுக்கினாலும் பசை முழுதும் வெளியே பிதுங்கிவிடும். விளிம்பில் மெல்லிய மணிவரிசை தெரிந்தால் போதும்.

பூச்சி, பூஞ்சைத் தடுப்பு மருந்தை ஒட்டிக் காய்ந்த பிறகே அடியுங்கள். முன்பே அடித்தால் பசை பிடிக்காது.

மரத்தோடு மரம் சேருமிடத்தில் பித்தளைத் திருகு. 8ஆம் எண் திருகுக்கு, மேல் துண்டில் 4.5, கீழ்த் துண்டில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பித்தளை மெத்தென்றது, ஆஷில் நேரடியாக முறுக்கினால் தலை துண்டித்துக்கொண்டு கையோடு வரும். அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை முழுக்க இறக்கிக் கழற்றிவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி அதே வழியில் ஏற்றுங்கள். சோப்பு தடவும் பழக்கம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், வேண்டாம்.

அலுமினியத் தகடுகளுக்கு மட்டும் பித்தளை கூடாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். அங்கே துருப்பிடிக்காத எஃகுத் திருகு, தலைக்கடியில் சீலன்ட். தகட்டின் மறைந்த பக்கத்துக்கு எட்ச் பிரைமரும் (அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) பெயின்டும் அடித்து, இறுகாத மாஸ்டிக் (நீரை அடைக்கும் மெத்தென்ற பசை) பட்டையில் உட்கார வையுங்கள். வினிகர் வாடை வரும் சிலிகான் உலோகத்தை அரிக்கும், அதன்மேல் வார்னிஷும் நிற்காது.

பழைய மரத்தின் கறை

நல்ல பழைய துண்டு கறுத்திருந்தால் வார்னிஷை முழுக்க எடுத்துவிட்டு, 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்திலிருந்து பிரஷால் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளுத்துத் திட்டாகத் தெரியும், துண்டு முழுவதும் தடவ வேண்டும். சில மணிநேரம் கழித்து நன்றாகக் கழுவி, சமையல் சோடாக் கரைசலால் ஒருமுறை துடைத்து, மறுபடி நீர் விட்டுக் கழுவுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அமிலம் விஷம்; காய்ந்த பொடியை உப்புத்தாளால் தேய்த்தால் மூக்குக்குள் போகும். அதனால் கழுவாமல் தேய்க்கவே கூடாது.

வார்னிஷ்

ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டால் ஆரம்பத்தில் அழகாகத்தான் இருக்கும், பிறகு பூஞ்சை பிடித்துக் கறுக்கும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படகுகளுக்கு அடிக்கும், வெயில் தாங்கும் வார்னிஷ் நல்லது. மரத்தை 120, 180, 240 எண் உப்புத்தாளால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்துத் தூசி துடையுங்கள். முதல் கோட்டில் பாதிக்குப் பாதி ஒயிட் ஸ்பிரிட் கலக்க வேண்டும், அது உள்ளே இறங்குவதற்காக. இரண்டாவதில் கால் பங்கு. பிறகு கலக்காமல் நான்கு கோட்டு. இடையிடையே 320ஆல் லேசாகத் தேய்ப்பது. டின்னைக் குலுக்காதீர்கள், குமிழி விழும்; குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

சட்டத்தை வண்டியில் இறுதியாக மாட்டும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் குறைந்தது மூன்று கோட்டு ஏறியிருக்க வேண்டும். தகடு மூடும் பள்ளமும் திருகுத் துளையின் உள்சுவரும் கூட இதில் சேர்த்தி. கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு ஆறு கோட்டு அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டால், ஈரம் அடிவழியாக ஏறி, மேல் வார்னிஷை உள்ளிருந்து கொப்பளிக்க வைக்கும்.

கண்ணாடிப் பள்ளங்களை மாஸ்டிக்கில் பதித்து, வடிகால் துளைகள் நேராக வெளியே திறக்கின்றனவா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடனே வெளியே சொட்ட வேண்டும். தேங்கினாலோ, உள்ளே எங்காவது கசிந்தாலோ, உள்தகடுகளை மாட்டாமல் பள்ளத்தைத் திரும்பக் கழற்றுங்கள். மாட்டிய பிறகும் ஆறுமாதத்துக்கு ஒருமுறை அந்தத் துளைகளில் மெல்லிய கம்பி விட்டுத் துழாவுங்கள். வார்னிஷ் எங்காவது மங்கினால் அந்த இடத்தை உடனே 320ஆல் தேய்த்து இரண்டு கோட்டு அடித்துவிடலாம், அரைநாள் வேலை. உரிந்து மரம் சாம்பல் நிறமாகும்வரை விட்டால் மொத்தத்தையும் சுரண்டி முதல் கோட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.