பழைய எம்.ஜி. காரைப் பின்கட்டில் புதுப்பிப்பது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கார்களில், இருவர் மட்டுமே அமரக்கூடிய எம்.ஜி. டி.சி. அரிதாகவே அகப்படும். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்த 1250 சி.சி. காரை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வீட்டிலேயே புதுப்பிக்க முடியும். ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ், அதன்மேல் மரச்சட்டம், மரத்தின்மேல் ஆணியடித்த தகடு என்று அதன் கட்டுமானம் கைக்கருவிகளுக்கு அடங்கியது. ஆனால் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் பூட்டும்போது அன்று, பிரிக்கும்போதுதான்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். 2021-ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகள் செல்லும். சேஸிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியமைத்த வண்டி இந்தப் பிரிவுக்குள் வராது என்பதால், வேறு காரின் எஞ்சினை வைத்துவிடலாம் என்ற யோசனையை அன்றே கைவிடுவது நல்லது.

வேலைக்கு இடம் பின்கட்டுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் எண்ணெய் சிந்தினால் கறை போகாது. வீட்டு ஆச்சிமாரின் கோபமும் எளிதில் தணியாது.

பிரிக்கத் தொடங்குமுன் பாடி சேஸிஸின் மேல் இருக்கும் நிலையிலேயே, கதவு இடைவெளிகளையும், மூலைக்கு மூலை குறுக்களவுகளையும் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பு எழுதும் பொறுப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். நால்வர் எழுதினால் நான்கு பெயர்களில் ஒரே பாகம் கிடக்கும். கழற்றிய போல்ட்டைக் கூடுமானவரை அதே துளையிலேயே திருப்பி மாட்டி வையுங்கள். எவ்வளவு உளுத்திருந்தாலும் ஒரு மரத்துண்டையும் எறியக் கூடாது, ஏனெனில் புதிய துண்டுக்கு அதுவே அச்சு. நாங்கள் இடப்புறக் கதவுத் தூணை விறகென்று அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, வலப்புறத் தூணைப் பார்த்து இடவலமாகத் திருப்பி வரைந்து செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கதவு சரியாகச் சாத்த இரண்டு மாதம் பிடித்தது.

மர வேலைக்குக் காரைக்குடிப் பக்கத்து ஆசாரிகளைவிடத் தகுந்தவர்கள் கிடைப்பது அரிது. மூல வண்டியில் இருப்பது ஆஷ் மரம். அது அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். இங்கே கிடைப்பது தேக்கு. இடித்த வீடுகளின் பழைய பர்மாத் தேக்கு நன்றாக உலர்ந்திருப்பதோடு கறையானுக்கும் எளிதில் இரையாகாது என்பதால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே இழைப்புளியை வைக்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டாகையால், ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த கையோடு பசை தடவ வேண்டும். சட்டம் முழுவதையும் சேஸிஸின் மேல் வைத்துக் கதவுகளைத் தொங்கவிட்டு, அவை உரசாமல் சாத்தியதைப் பார்த்த பின்னரே தகட்டுக்கு ஆணி அடிக்கலாம்.

துருவை நீக்க மின்பகுப்பு முறை மலிவானது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடியில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பிளாஸ்டிக் டிரம்மில் பத்து லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைத்தால் நச்சான குரோமியம் நீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களையும் ஸ்பிரிங்குகளையும் இதில் இடக் கூடாது. எடுத்த பாகத்தைக் கழுவி உலர்த்தி அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு: போல்ட்டுத் தலைகள் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு, மரையோ மெட்ரிக். ஸ்பேனர் பொருந்துகிறது என்று கடையில் போல்ட் வாங்கி முறுக்கினால் பிளாக்கின் மரையே போய்விடும். பழைய போல்ட்டைக் கையோடு லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வயரிங்கில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு சேரும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் அடித்தால் ஈரத்தால் மங்கும். சித்திரை வெயிலில் பரவுமுன் காய்ந்துவிடும். தை, மாசியே ஏற்றது.

முதல் ஓட்டம் கானாடுகாத்தான் வரை போய்த் திரும்பும் தூரத்துக்குமேல் வேண்டாம். திரும்பியதும் கம்பிச் சக்கரங்களின் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பவற்றை இறுக்கி, பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். புதிய மரம் அதற்குள் சற்றே அமுங்கியிருக்கும்.