கோட்டுக்குக் கீழே என்ன எண்? சமூகப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 73 சதவீதம். மொத்த மக்கள்தொகை 121 கோடி. அப்படியானால் 88 கோடிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று பெருக்கிப் பார்த்தால் தப்பு. தெரிந்தவர்கள் சுமார் 76 கோடிப் பேர்தான். காரணம், 73 என்பது 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. கைக்குழந்தைகளையும் சேர்த்து மொத்த மக்களால் வகுத்தால் 63 சதவீதம்தான் வரும். பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘பகுதி’ என்று படித்திருப்போம். சமூக அறிவியலில் நடக்கும் பாதிச் சண்டை அந்தப் பகுதியைப் பார்க்காததால் வருவது.

எழுத்தறிவில் இன்னொரு பொறி உண்டு. 1951, 1961, 1971 ஆண்டுகளின் விகிதங்கள் 5 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. 1981 முதலான வரிசை 7 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து, வளர்ச்சி எத்தனை மடங்கு என்று சொல்லும்முன் அடிக்குறிப்பைப் பாருங்கள்.

பாலின விகிதத்தில் குழப்பம் இன்னும் அதிகம். இந்தியாவில் 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று சொல்கிறோம். உலக அளவிலான அறிக்கைகளில் பெரும்பாலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று இருக்கும். அங்கே எண் கூடினால் பெண்கள் குறைவு என்று பொருள். அப்படியே எடுத்து எழுதினால் தலைகீழாகிவிடும்.

2021-இல் வெளியான ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று வந்ததும், ‘இந்தியாவில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சியது’ என்று கொண்டாடினார்கள். அது நாடு முழுவதையும் எண்ணிய கணக்கல்ல, வீடுகளில் எடுத்த மாதிரி ஆய்வு. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை வைத்து எண்ணியது. வேலைக்கு வெளியூர் போய், கட்டுமான இடத்துக் கொட்டகையிலோ விடுதியிலோ படுத்திருக்கும் ஆண்கள் இதில் பெரிதும் விடுபடுவார்கள். இதே ஆய்வின் 2005-06 சுற்றில் 1000 என்று வந்தது. ஐந்தாண்டு கழித்து எல்லாரையும் எண்ணிய கணக்கெடுப்பில் 943தான்.

பெண் சிசுக்களுக்கு என்ன நடக்கிறது என்று அறிய மொத்த விகிதம் உதவாது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் மொத்த விகிதம் 933-லிருந்து 943 ஆக உயர்ந்தது. அதே பத்தாண்டில் 0–6 வயதுக் குழந்தைகளிடையே 927-லிருந்து 920-க்கும் கீழே சரிந்தது. வயதான பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால் மொத்த விகிதம் ஏறும், கருவிலேயே பாலினம் பார்த்து அழிப்பது அதற்குள் மறைந்துபோகும். பிறப்பின்போதுள்ள விகிதத்தைத்தான் கேட்க வேண்டும். தலையீடு இல்லாத இடத்தில் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். நம் கணக்கில் அது ஏறத்தாழ 952. எனவே 950-ஐப் பார்த்துப் பதறவும் வேண்டாம், 900-ஐப் பார்த்து ‘ஆயிரத்துக்குக் கிட்டத்தானே’ என்று விட்டுவிடவும் வேண்டாம்.

வேலையின்மை விகிதத்தின் பகுதி, வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகை. வேலை தேடாதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட 1000 பேரில் 570 பேர் வேலையில், 30 பேர் தேடுகிறார்கள் என்று வைப்போம். 600-இல் 30, அதாவது 5 சதவீதம். அந்த 30 பேரில் 10 பேர் அலுத்துப்போய்த் தேடுவதை நிறுத்திவிட்டால் 590-இல் 20, சுமார் 3.4 சதவீதம். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் இறங்கிவிட்டது! ஆகவே வேலையின்மை விகிதத்தைத் தனியாக மேற்கோள் காட்டாதீர்கள். உழைப்பில் பங்கேற்போர் விகிதத்தையும் (மொத்தப் பேரில் வேலை செய்வோரும் தேடுவோரும் எத்தனை என்ற கணக்கு) பக்கத்தில் வையுங்கள்.

‘வேலையில் இருப்பவர்’ என்ற சொல்லும் நாம் நினைப்பதல்ல. அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வார நிலவரம் என்ற அளவுகோலில், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே போதும். குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மகளும் வேலையில் இருப்பவரே. அதே பெண் வீட்டில் சமைத்தால் கணக்கில் இல்லை. இது சரியா என்பது வேறு வாதம், ஆனால் பெண்களின் பங்கேற்பு உயர்ந்தது என்ற செய்தியில் எந்த வகை வேலை உயர்ந்தது என்று கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

தேர்தல் எண்களுக்கு வருவோம். 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா பெற்றது 31 சதவீத வாக்கு. இது பதிவான வாக்குகளில். பட்டியலில் இருந்த வாக்காளர்களில் என்றால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் சரி, இரண்டும் வேறு. கூட்டணி அரசியல் உள்ள மாநிலத்தில் மூன்றாவது பகுதியும் வேண்டும்: போட்டியிட்ட இடங்கள். 2024-இல் தமிழ்நாட்டில் உதயசூரியன் சின்னம் நின்றது 22 தொகுதிகளில், இரட்டை இலை 34-இல். மாநில அளவில் முன்னது சுமார் 27 சதவீதம், பின்னது 20-க்குச் சற்று மேல். நின்ற தொகுதிகளில் மட்டும் பார்த்தால் முன்னது பாதியை நெருங்கும், பின்னது நான்கில் ஒன்றைக்கூட எட்டாது.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு 1980-இல் 31-லிருந்து 50 ஆனது. இது 19 சதவீதப் புள்ளி உயர்வு. ‘19 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் 31-இல் 19 சதவீதம் கூடி 37-ஐக்கூட எட்டவில்லை என்றாகிவிடும்.

கடைசியாகக் குற்றக் கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் இருப்பவை பதிவான வழக்குகள், நடந்த குற்றங்கள் அல்ல. காவல் நிலையத்தில் புகாரை எளிதாக வாங்கும் மாநிலம் அட்டவணையில் மோசமாகத் தெரியும். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையான ஒன்று மட்டும் எண்ணப்படும். கொலையோடு சேர்ந்து நடந்த திருட்டு திருட்டுப் பட்டியலில் வராது. தண்டனை விகிதத்தின் பகுதியோ அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகள் மட்டும். நீதிமன்றத்தில் தூங்கும் வழக்குகள் எதுவும் அதில் சேராது. 100 வழக்கு பதிவாகி, 10 மட்டும் முடிந்து, 5-இல் தண்டனை கிடைத்தாலும் தண்டனை விகிதம் 50 சதவீதம்தான்.