ஆன்லைன்ல ஹோம் ஹெல்த் எய்ட் கோர்ஸ் படிக்கப் போறீங்களா? பணம் கட்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் புள்ளைங்க சிங்கப்பூர், துபாய், சென்னைன்னு இருப்பாங்க, வீட்ல வயசானவங்க மட்டும். பாத்துக்க ஆள் வேணும்னு கேட்டுகிட்டே இருக்காங்க, அதான் நம்ம பொண்ணுங்க நிறைய பேரு அப்படி வீட்ல இருந்து பாத்துக்கிற வேலைக்கான ஹோம் ஹெல்த் எய்ட் கோர்ஸ போன்லயே படிச்சிடலாமான்னு கேக்குறாங்க. படிக்கலாம், ஆனா பாதிதான் போன்ல வரும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: பிராக்டிகல் எந்த ஆஸ்பத்திரில, எத்தன மணி நேரம், எந்த நர்ஸ் நின்னு பாப்பாங்க? அமெரிக்காவுல 1987ல வந்த சட்டப்படி நர்ஸ் எய்டுக்கு (நர்ஸுக்கு உதவியா நோயாளிய பாத்துக்கிறவங்க) குறைஞ்சது 75 மணி நேரம் ட்ரெய்னிங், அதுல 16 மணி நேரமாவது மேற்பார்வையில கையால செஞ்சு பழகியிருக்கணும். நம்ம நாட்டுல ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில்னு மருத்துவ வேலைகளுக்கான பயிற்சித் தரத்த வகுக்குற அமைப்பு இருக்கு, அதுல 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' (பொதுவா ஆஸ்பத்திரி உதவியாளர்), 'ஹோம் ஹெல்த் எய்ட்'னு ரெண்டு வேலைக்கு பயிற்சி இருக்கு, அதுல எதுக்கு சர்டிபிகேட் தர்றாங்கன்னு கேளுங்க. எல்லாமே வீடியோதான், சர்டிபிகேட் வாட்ஸப்ல வரும்னு சொன்னா போன வச்சிடுங்க. இத படிச்சா நர்ஸ் ஆயிட முடியாது, நர்ஸிங் படிப்புன்னா ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், அது வேற. ஊசி போடச் சொன்னா, மூக்கு டியூப் மாத்தச் சொன்னா மாட்டேன்னுடணும்.

பல்ஸ் எண்றது, கை கழுவுறது (சோப்பு போட்டு 40லேருந்து 60 செகண்ட்), யூரின் பேக் எப்பவும் இடுப்பு மட்டத்துக்குக் கீழ தொங்கணும் ஆனா தரையில படக்கூடாது, இதெல்லாம் வீடியோல பாத்தே புரியும்.

படுத்த படுக்கையா இருக்கவங்கள திருப்புறதுதான் வீடியோவுல வராது. வீட்ல தம்பியவோ மாமியாரையோ படுக்க வச்சு பழகுங்க, கயித்துக் கட்டில் வேணாம், நடுவுல குழியும், பெஞ்சோ மரக்கட்டிலோ நல்லது. பழைய வேட்டிய நாலா மடிச்சு தோளுலேருந்து இடுப்பு வரைக்கும் அடியில விரிச்சிடுங்க, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் வேட்டிய புடிச்சு ஆள மொதல்ல ஓரத்துக்கு நகத்தணும், இழுத்தா தோல் உரசிடும் அதனால லேசா தூக்கினாப்ல. அப்பறம் ஒருத்தர் அந்த ஓரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்னு "தாத்தா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்"னு சொல்லிட்டு, தூரத்துல இருக்க கைய நெஞ்சு மேல வச்சு, அந்தப் பக்க முட்டிய மடக்கி, தோளையும் இடுப்பையும் சேத்து தன் பக்கமா உருட்டணும். உங்க முதுகு வளையக்கூடாது, முட்டிதான் மடங்கணும். முதுகுக்கு ஒரு தலகாணி, ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒண்ணு. பொதுவா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்புவாங்க. நீங்களும் ஒரு தடவ படுத்து உங்கள திருப்பச் சொல்லிப் பாருங்க, எங்க புடிச்சா வலிக்குதுன்னு அப்பதான் தெரியும்.

இன்னொண்ணு, பாதி வீடியோல வெள்ளக்காரங்க தோல காட்டி சிவந்தா படுக்கைப்புண் ஆரம்பம்னு சொல்லிடுவாங்க. நம்ம தோலுல சிவப்பு லேசுல தெரியாதுங்க. பிட்டத்துக்கு மேல, குதிகால், இடுப்பெலும்பு, இங்கெல்லாம் சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாக்கணும், பக்கத்துத் தோல விட நிறம் மாறியிருந்தா அந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க, எண்ணெய் போட்டு தேய்க்கவும் கூடாது (எல்லா வீட்லயும் தேய்க்கச் சொல்லுவாங்க!), நர்ஸுக்கு சொல்லிடுங்க.

மூக்கு டியூப்ல கஞ்சி விடுறப்ப தலமாடு 30லேருந்து 45 டிகிரி உயரணும், விட்டு முடிச்சும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கணும். பக்கவாதம் வந்தவங்களுக்கு சட்ட போடுறப்ப வராத கை மொதல்ல, கழட்டுறப்ப அதே கை கடைசியில.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021லேருந்து நடக்குது, அதுல வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும் குடுக்கிறாங்க. உங்க தெருவுல யார் வீட்டுக்காவது வந்தா, அந்த வீட்லயும் வர்ற நர்ஸ்கிட்டயும் கேட்டுட்டு கூட நின்னு பாருங்க, போன் மட்டும் வெளிய எடுக்காதீங்க.

கிளாஸ் எடுக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நடவுக்கும் அறுப்புக்கும் போற பொண்ணுங்கள பகல்ல லைவ் கிளாஸுக்கு வான்னா எப்படி வருவாங்க, ராத்திரி 8 மணிக்கு மேல வைங்க, டவுன்லோட் பண்றாப்ல குடுங்க, அவங்கள ஒருத்தர ஒருத்தர் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி முதுகு வளையுதான்னு பாத்து சொல்லுங்க.