புதிய நாட்டில் மொழியும் தொழிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறொரு நாட்டில் குடியேறியவர்களை அதிகம் பின்னுக்கு இழுப்பது ஒரு கணக்கு: முதலில் மொழியை முடிப்போம், வேலை, படிப்புச் சான்றிதழ் எல்லாம் பிறகு. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மொழி ஒரு தேதியில் முடிகிற காரியம் அல்ல. அது முடியட்டும் என்று காத்திருக்கும் காலத்தில் கையில் இருக்கும் தொழில் துருப்பிடித்துவிடுகிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே குடியேறியவர்களுக்கான அரசின் பொது ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 பாடவேளை மொழிக்கும், 100 பாடவேளை அந்நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்முறைக்கும் ஒதுக்கப்படுகிறது. மொழியில் எட்டவேண்டிய நிலை பி1. (ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளப்பார்கள்.) அன்றாடத்துக்கு அது போதும். ஆனால் செவிலியராகப் பணிபுரியப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். மருத்துவர்களுக்கோ சி1 நிலையில் மருத்துவ மொழிக்கென்றே தனித் தேர்வு உண்டு. பி1 வாங்கிய பிறகுதான் பட்டத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பேன் என்று இருந்தால், பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், அனுபவச் சான்று ஆகியவற்றை வரவழைத்து மொழிபெயர்க்கவே மாதங்கள் ஓடிவிடும். மொழி வகுப்பில் சேரும் வாரத்திலேயே இந்தக் காகித வேலையையும் தொடங்குங்கள். இன்னும் என்ன பயிற்சி குறைகிறது என்பது அங்கீகார அலுவலகத்தின் பதிலில் தெரிந்துவிட்டால், எந்த மொழியை எதற்காகப் படிக்கிறோம் என்பதும் தெளிவாகும். வார்டில் நோயாளியிடம் பேசும் மொழி பாடப்புத்தகத்தின் ஐந்தாம் பாடத்தில் இருக்காது.

பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் அறிக்கையைத் தொழில் உரிமம் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. கனடாவில் குடியேற்றத்துக்காக வாங்கும் கல்வி மதிப்பீடு, உங்கள் பட்டம் அந்நாட்டின் எந்தப் படிப்புக்குச் சமம் என்று மட்டுமே சொல்லும். செவிலியராகவோ பொறியாளராகவோ உரிமம் பெற, அந்தந்த மாகாணத்தின் தொழில் ஒழுங்குமுறை அமைப்பைத் தனியே அணுக வேண்டும். மொழித் தேர்வைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற விண்ணப்ப முறைக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள், அதன் இரு வகைகளில் ஜெனரல் டிரெயினிங் எழுத வேண்டும். மற்ற வகையான அகாடமிக் எழுதினால் அந்த மதிப்பெண் அங்கே செல்லாது.

மிகவும் வருத்தம் தருவது, வீட்டில் ஒருவருடைய படிப்பை மட்டும் தள்ளிப்போடுவது. பெரும்பாலும் அது தாயின் படிப்பு. குழந்தை வளரட்டும், பிறகு போகலாம் என்கிறோம். கனடாவின் மத்திய அரசு நிதியில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு நடக்கும் லிங்க் என்ற மொழி வகுப்புகள் இலவசம். சில இடங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் குடியுரிமை பெற்றவர்கள் அதில் சேர முடியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், குடியுரிமையும் வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தவருக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கும். மாகாண அரசின் வகுப்புகளைத்தான் தேட வேண்டும். வகுப்பை இழப்பதோடு இது நிற்பதில்லை. மருத்துவரிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்லக்கூடக் கணவரையோ பிள்ளையையோ நம்பி நிற்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாயின் பரிசோதனை முடிவை ஒரு சிறுமி கேட்டுச் சொல்ல நேர்ந்தால், அவளுக்குப் புரியாத பாதியும் புரிந்த பாதியும் இரண்டுமே கெடுதல். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அரசே நடத்தும் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது.

பிள்ளை சரளமாகப் பேசுகிறது என்பதால் பள்ளிப் பாடமும் புரிகிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. விளையாட்டிலும் அரட்டையிலும் பேசும் மொழி சுமார் இரண்டு ஆண்டில் கைவரும், பாடத்துக்கு வேண்டிய மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம் என்று கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியிருக்கிறார். அதற்காக வீட்டில் தாய்மொழியை நிறுத்திவிட்டுத் தட்டுத்தடுமாறிய புதுமொழியில் பேசினால், பிள்ளைக்கு நீங்கள் நன்றாகத் தரக்கூடிய மொழியும் போய்விடும்.

வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஒன்று. பட்டதாரியையும், தாய்மொழியிலேயே எழுதப் படிக்கப் பழகாதவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். இரண்டாமவர் எழுத்தையும் மொழியையும் சேர்த்தே கற்கிறார், அதற்கு நேரம் கூடுதலாக வேண்டும். ஜெர்மனியில் இவர்களுக்கென்றே எழுத்தறிவு வகுப்புகள் உண்டு. சேரும்போதே அதைக் கேட்டு வாங்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒருமுறை பாதியில் விட்டவர்கள் மறுபடி விசாரிக்காமல் இருந்துவிடுகிறார்கள். விதிகள் மாறுகின்றன. ஆஸ்திரேலியாவின் இலவச ஆங்கில வகுப்புகளுக்கு முன்பு 510 மணி நேரம் என்ற வரம்பு இருந்தது, 2021-இல் அதை நீக்கிவிட்டார்கள். அந்த மணிக்கணக்கு தீர்ந்ததால் நின்றவர்கள், தங்களுக்கு இப்போது இடம் உண்டா என்று மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.