கல்லூரி பேஸ்பால் அணியில் இடம் பிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பேஸ்பால் பயிற்சியாளர் பெயரில் அவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உன் ஆட்டத்தை நேரில் பார்க்க விரும்புகிறோம், எங்கள் முகாமுக்கு வா" என்று எழுதியிருந்தார்கள். வீடே கொண்டாடியது. ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அதே மின்னஞ்சல்தான். வீடு திரும்பும் வழியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீரர் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து கற்றுக்கொள்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்றால் மதிப்பெண், எஸ்.ஏ.டி., கட்டுரை என்று தெரியும். விளையாட்டில் கிரிக்கெட் தெரியும். பேஸ்பால் பிள்ளையோடுதான் நம் வீட்டுக்குள் வந்தது. அதனால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

படி 1: எத்தனை வகைக் கல்லூரிகள் என்று பாருங்கள்

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் கீழ், டிவிஷன் எனப்படும் மூன்று பிரிவுகள் உண்டு. டிவிஷன் 1-இல் ஏறத்தாழ 300 பேஸ்பால் அணிகள். ஜூன் மாதத்தில் ஒமாஹா நகரில் நடக்கும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் இவர்களுடைய இறுதிக்கட்டப் போட்டி. டிவிஷன் 2 அடுத்த நிலை. டிவிஷன் 3-இல் அணிகள் இன்னும் அதிகம், ஆனால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்பையும் குடும்ப வருமானத்தையும் வைத்தே உதவி கிடைக்கும். எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமோரி, சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் டிவிஷன் 3-இல்தான் பேஸ்பால் ஆடுகின்றன என்று சொன்னால் நம் வீடுகளில் நம்பமாட்டார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் இருந்தாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை.

இவை தவிர என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் பல சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றைக் குறைவாக எண்ணாதீர்கள். தொழில்முறை பேஸ்பாலின் பெரிய நட்சத்திரங்களான ஆல்பர்ட் பூஹோல்ஸும் பிரைஸ் ஹார்ப்பரும் ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள்.

படி 2: பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள்

"பேஸ்பால் ஆடினால் கல்லூரி இலவசம்" என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் பலர். டிவிஷன் 1 அணி ஒன்றுக்கு நீண்ட காலம் 11.7 உதவித்தொகைகள்தான் அனுமதி. அதை இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். முழுத் தொகை பெற்றவர்கள் அபூர்வம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த வரம்பு நீங்கியது. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது. பணம் கூடலாம், இடம் குறைந்துவிட்டது. அந்த இடங்களுக்கும் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் இருபத்தொரு, இருபத்திரண்டு வயது வீரர்கள் போட்டியிடுகிறார்கள். பள்ளியிலிருந்து நேராக வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இது கடினமான காலம். ஜூனியர் கல்லூரியை இப்போது முன்னைவிடத் தீவிரமாக யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு குறிப்பு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் கல்லூரி தன் நிதியிலிருந்து தரும் உதவித்தொகைக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை. விசா நிலையை முதல் உரையாடல்களிலேயே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

படி 3: பாடங்களைச் சரிபாருங்கள்

டிவிஷன் 1-இல் ஆட, பள்ளியில் அங்கீகரிக்கப்பட்ட 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வாங்க வேண்டும். அவற்றில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். இந்தப் பத்தில் 7, ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இந்தப் படி பெரும்பாலும் தானாகவே நிறைவேறிவிடும்.

படி 4: அளந்து பாருங்கள்

இதுதான் பெற்றோர் மனம் ஏற்க மறுக்கும் படி. பயிற்சியாளர்கள் எண்களைக் கேட்பார்கள். 60 கஜம் ஓட எத்தனை வினாடி? மட்டையிலிருந்து பந்து எத்தனை மைல் வேகத்தில் கிளம்புகிறது? களத்தின் உள்வட்டத்திலிருந்து எறியும் வேகம் என்ன? கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) என்றால், பந்து அவர் கையுறையில் விழுந்த நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறையைச் சேரும்வரை எவ்வளவு நேரம்?

தோராயமாகச் சொன்னால், டிவிஷன் 1 தேடும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) அல்லது சென்டர் ஃபீல்டர் (வெளிக்களத்தின் நடுவில் நிற்பவர்) 60 கஜத்தை 7 வினாடிக்குள் ஓடுகிறவர். கேட்சருக்கு 2 வினாடி. வலது கை பிட்சர் (பந்து வீசுகிறவர்) வீசும் வேகம் மணிக்கு 90 மைலை நெருங்க வேண்டும். இடது கை பிட்சருக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு.

என் மகன் முதல் முறை ஓடியபோது 7.3 வினாடி. எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் அந்த எண் தெரிந்த பிறகுதான் எங்களால் சரியான கல்லூரிகளுக்கு எழுத முடிந்தது. ஓட்டப் பயிற்சியும் எடைப் பயிற்சியும் ஓராண்டு செய்து 7.0-க்கு வந்தான்.

எண்களை ஒருபோதும் கூட்டிச் சொல்லாதீர்கள். பயிற்சியாளர் நேரில் வரும்போது அவர் கையில் நிறுத்துக் கடிகாரம் இருக்கும்.

படி 5: காணொளி

இரண்டு மூன்று நிமிடம் போதும். மட்டை வீச்சைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுங்கள். தரையோடு வரும் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிவது முழுதாகத் தெரிய வேண்டும். பிட்சர் என்றால் ஒவ்வொரு வகைப் பந்தையும் வீசச் சொல்லி, ரேடார் வேகத்தைத் திரையில் போடுங்கள். இசை, மெதுவோட்டம், மின்னும் எழுத்துகள் எதுவும் வேண்டாம். கைப்பேசிக் காணொளியே போதுமானது. இதற்காக ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் வீண்.

படி 6: பட்டியல் போட்டுப் பிள்ளையே எழுதட்டும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நாற்பது, ஐம்பது கல்லூரிகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் படிப்புக்காகப் பாருங்கள்: பிள்ளை விரும்பும் துறை இருக்கிறதா, முழங்கையில் காயம்பட்டு ஆட்டமே நின்றுபோனாலும் அங்கே நான்கு ஆண்டு மகிழ்ச்சியாக இருப்பானா?

பிறகு அணியின் வீரர் பட்டியலைத் திறங்கள். அது எல்லாக் கல்லூரித் தளங்களிலும் இருக்கும். உங்கள் பிள்ளை ஆடும் இடத்தில் எத்தனை பேர்? அவன் சேரும் ஆண்டில் அவர்களில் யார் படித்து முடித்துப் போயிருப்பார்கள்? பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் எத்தனை பேர், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் எத்தனை பேர்? முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஆட்டங்களில் இறங்கினார்கள்? புகழ்பெற்ற அணியில் நான்கு ஆண்டு பெஞ்சில் உட்காருவதைவிட, பெயர் அதிகம் தெரியாத கல்லூரியில் வாரம் நான்கு ஆட்டம் ஆடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். என் மகனும் அதைத்தான் தேர்ந்தெடுத்தான்.

கடிதத்தைத் தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். வீரர் சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். படிக்கிறவர் பெரும்பாலும் அவர்தான். மின்னஞ்சலின் தலைப்பிலேயே பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், ஊர் ஆகியவை வந்துவிட வேண்டும். உள்ளே இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நான் 2028-இல் பள்ளி முடிக்கிறேன். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் ஆடுகிறேன். வலது கை. உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 165 பவுண்டு. 60 கஜம் 7.0 வினாடி. ஜி.பி.ஏ. 3.9. உங்கள் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறேன். சென்ற மாதம் உங்கள் அணியின் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தேன். காணொளியும் கோடைக்கால ஆட்ட அட்டவணையும் இணைத்திருக்கிறேன். என் பயிற்சியாளரின் தொலைபேசி எண் கீழே."

இதைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நம் அன்பு நம்மை முந்திக்கொண்டு எழுதச் சொல்லும். எழுதாதீர்கள். பெற்றோர் எழுதிய கடிதத்தைப் பயிற்சியாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பையன் தன் வேலையைத் தானே செய்வானா என்ற ஐயம் அவர்களுக்கு வந்துவிடும். அணித் தளத்தில் இருக்கும் கேள்விப் படிவத்தையும் அவனே நிரப்பட்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய எண்ணோ காணொளியோ இருந்தால் மறுபடி எழுதலாம்.

படி 7: முகாமும் ஷோகேஸும்

பர்ஃபெக்ட் கேம், பிரெப் பேஸ்பால் போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஷோகேஸ்களில், அதாவது வீரர்கள் தங்கள் திறனைக் காட்டும் நிகழ்ச்சிகளில், உங்கள் எண்கள் நடுநிலையாகப் பதிவாகும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும். கல்லூரி முகாம் என்றால், அங்கிருந்து ஒரு பயிற்சியாளர் பிள்ளையோடு தனிப்பட்ட முறையில் பேசியோ எழுதியோ இருந்தால் மட்டும் போங்கள். அவனுடைய ஆட்டத்தைப் பற்றிக் குறிப்பாக ஒரு வரியும் இல்லாத அழைப்பு ஒரு விளம்பரம். எங்களுக்கு வந்த அந்த முதல் மின்னஞ்சலில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

படி 8: ஆகஸ்ட் 1

பதினோராம் வகுப்பு தொடங்குமுன் வரும் ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் சேர்க்கை பற்றி மாணவரோடு பேசக் கூடாது. ஆகவே பத்தாம் வகுப்பில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவர்கள் படிப்பார்கள். டிவிஷன் 3-க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தொலைபேசி அழைப்பு வந்தால் பிள்ளை கேட்க வேண்டியவை: உங்கள் பட்டியலில் என் இடத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? என்னை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறீர்கள்? எப்போது முடிவு சொல்வீர்கள்? நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள்.

படி 9: வாய்மொழியும் கையெழுத்தும்

வாய்மொழி உறுதி இரு பக்கமும் யாரையும் கட்டுப்படுத்தாது. பயிற்சியாளர் வேலை மாறினால் அந்த உறுதி காற்றோடு போகலாம். முன்பு வீரர்கள் கையெழுத்திட்ட தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தமே எழுத்துச் சான்று. எந்த ஆண்டுக்கு எவ்வளவு, காயம்பட்டால் என்ன ஆகும் என்று வரி வரியாகப் படியுங்கள்.

விளையாட்டு உதவித்தொகை இல்லாத டிவிஷன் 3-இல் பல கல்லூரிகளில் வழி வேறு. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். அது சாதகமாக இருந்தால், முன்கூட்டியே முடிவு சொல்லும் சுற்றில், பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில், விண்ணப்பிக்கச் சொல்வார். அப்படிக் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். ஆகவே அந்தக் கல்லூரியின் செலவுக் கணக்கை அதற்கு முன்பே போட்டுப் பாருங்கள்.

இடம் உறுதியான அன்றே, பதில் எழுதிய மற்ற எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் பிள்ளை நன்றி சொல்லி, தான் சேரும் கல்லூரியைத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதட்டும். அவர்கள் அந்த இடத்தை வேறொரு பையனுக்குத் தரக் காத்திருப்பார்கள்.